வேரில் ஊறிய சிவப்பு

பெயரைத் தமிழில் எழுதினால் ஏதோ தத்துவ நூலின் தலைப்பு போலத் தோன்றும்: கோட்பாட். ஒடிசாவின் தென்மேற்கு மூலையில், கோராபுட் மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர். பெரிய கோயில் இல்லை. அருவி இல்லை. சுற்றுலாக் கையேடுகளில் அதிகபட்சம் நாலு வரி. ஆனால் மிர்கான் நெசவாளர்கள் வசிக்கும் தெருவுக்குள் நுழைந்தால் கண் தானாக நின்றுவிடும். வீட்டு வாசல்களில் மூங்கில் கழிகளில் நூல் சிட்டங்கள் காய்கின்றன. சில காய்ந்த ரத்தத்தின் சிவப்பு. சில காப்பிக் கொட்டையின் பழுப்பு. சில கருப்பென்றும் சொல்ல முடியாத, பழுப்பென்றும் சொல்ல முடியாத ஓர் இருள் நிறம். இடையே சாயம் ஏறாத பருத்தியின் பாலேடு வெள்ளை. கோட்பாட் துணியின் வண்ண உலகம் ஏறக்குறைய இவ்வளவுதான். நீலம் கிடையாது, பச்சை கிடையாது. காடு என்ன கொடுத்ததோ அதுதான் நிறம்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு விசாகப்பட்டினம்தான் வாசல். அங்கிருந்து கிரண்டூல் போகும் பகல்நேர ரயிலில் ஏறினால், அது ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்பட்டு, அரக்கு பள்ளத்தாக்கைத் தாண்டி, கோராபுட் வழியாக ஜெய்ப்பூரில் இறக்கிவிடும். ராஜஸ்தான் ஜெய்ப்பூர் அல்ல. இது ஒடிசா ஜெய்ப்பூர், ஒரு காலத்தில் இந்த மலைநாட்டையே ஆண்ட சமஸ்தானத்தின் தலைநகர். அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 45 கி.மீ. போனால் கோட்பாட். இன்னும் மேற்கே போனால் சத்தீஸ்கர் எல்லை, அப்பால் பஸ்தார். ராமாயணம் தண்டகாரண்யம் என்று சொல்லும் நிலப்பரப்பு இது. இன்று சாலையின் இருபுறமும் காடு அல்ல, நெல்வயல்தான். வயலுக்கு நடுவே வெட்டாமல் விட்ட மகுவா மரங்கள் - நம் இலுப்பையின் உடன்பிறப்புகள் - ஒரு காலத்தில் இங்கே என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஆல் என்கிறார்கள். தமிழ்க் காதில் இது ஆலமரம் என்று விழும். ஆனால் இது வேறு. மொரிண்டா என்ற இனத்தைச் சேர்ந்த சிறு மரம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். நம்மூர் வேலியோரத்திலும் கண்மாய்க் கரையிலும் யாரும் நடாமலே முளைத்து நிற்கும் நுணா, சில வட்டாரங்களில் மஞ்சணத்தி, இதே இனம்தான். பச்சைப் பாசிமணிகளை ஒட்டவைத்த மாதிரிக் காய், பழுத்தால் கருப்பாகி ஒரு கலவையான நாற்றம், பிள்ளைகள் நாக்கெல்லாம் கருக்கத் தின்னும் பழம். சங்கப் பாடல்களில் நுணவம் என்று வருவதும் இதுவே. கிளையை வெட்டினால் உள்ளே மஞ்சள். அந்த மஞ்சளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஒளிந்திருப்பதைக் கோட்பாட் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

சிவப்பு இருப்பது வேரின் பட்டையில். அதிலும் எல்லா வேரிலும் இல்லை. மூன்று நான்கு வயதுள்ள இளமரத்தின் மெல்லிய வேர்களில்தான் சாயம் செறிந்திருக்கும். மரம் முதிர முதிர, வேர் தடிக்கத் தடிக்க, சாயம் குறைந்துவிடும். இலையில் சாயம் இருந்தால் பறித்துக்கொள்ளலாம், மறுபடி துளிர்க்கும். பூவில் இருந்தால் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கலாம். வேரில் இருந்தால் தோண்டத்தான் வேண்டும். தோண்டினால் பெரும்பாலும் மரம் போயிற்று. கோட்பாட் துணியின் அழகும் ஆபத்தும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன.

சாயம் ஏற்றுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. பருத்தி நூல் அப்படியே வேர்ச்சாயத்தைப் பிடிக்காது. முதலில் நூலைப் பழக்க வேண்டும். விளக்கெண்ணெய், சாணம், விறகுச் சாம்பல் கரைத்துத் தெளிய வைத்த காரநீர் - இவைதான் மருந்துகள். நூலை இவற்றில் ஊறவைத்து, காலால் மிதித்து, பிழிந்து, வெயிலில் உலர்த்தி, மறுநாள் மறுபடி முதலிலிருந்து. இப்படி நாள் கணக்கில். எண்ணெயும் காரமும் சேர்ந்து நூலின் உள்ளே வரை இறங்கியதும்தான் அது சாயத்துக்குத் தயாராகிறது. பிறகு இடித்துப் பொடித்த வேர்ப்பட்டையோடு தண்ணீரில் காய்ச்ச வேண்டும். சிவப்பு ஆழமாக வேண்டுமென்றால் பட்டையின் அளவைக் கூட்ட வேண்டும். கருமை வேண்டுமென்றால் அன்னபேதி சேர்க்க வேண்டும். இரும்பின் உப்பு பட்டதும் சிவப்பு இருண்டு காப்பி நிறமாகும், இன்னும் இருண்டு கருப்பை நெருங்கும். சாய வேலை மட்டுமே பல வாரங்களை விழுங்கிவிடுகிறது. அளவுகோல் எதுவும் கிடையாது. நூலைக் கையால் தொட்டு, முகர்ந்து, வெயிலைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். புதுத் துணியில் விளக்கெண்ணெய் வாசம் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். நகரத்து வாடிக்கையாளர்களில் சிலர் முகம் சுளிப்பார்களாம். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் இந்த வாசத்தை வைத்தே அசலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

தறி ஆண்களுடையது. மண்ணில் குழி பறித்து, அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் குழித்தறி. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் வர வேண்டும், கரையின் நிறம் கொஞ்சமும் நீர்த்துப் போகக்கூடாது என்பதற்காக மூன்று நாடா போட்டு, ஊடை நூல்களை ஒன்றோடொன்று கோத்து நெய்கிறார்கள். காஞ்சிபுரத்தில் கோர்வை என்று சொல்லும் அதே தந்திரம். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். காஞ்சிபுரத்தில் அது பட்டிலும் சரிகையிலும் மின்னுகிறது. இங்கே முரட்டுப் பருத்தியில், சத்தமே போடாமல் இருக்கிறது.

முந்தானையில்தான் நெசவாளர் வாய் திறக்கிறார். கூடுதல் ஊடை நூலை விரலால் எடுத்துச் செருகி உருவங்களை எழுப்புகிறார்: நண்டு, மீன், சங்கு, படகு, கோடரி, வில், பாம்பு, விசிறி, குடை, பல்லக்கு, கோயில் கோபுரம். வரைபடத் தாள் எதுவும் முன்னால் இல்லை. எல்லாம் மனக்கணக்கு. தறியில் வளைவு நெய்வது கடினம். அதனால் நண்டு கூட நேர்கோடுகளாலும் படிக்கட்டுகளாலும் ஆன நண்டு. பட்டியலை நிதானமாகப் பார்த்தால் இந்த வட்டாரத்தின் வாழ்க்கை முழுவதும் அதில் இருப்பது தெரியும். நண்டும் மீனும் வயலுக்கும் ஓடைக்கும் சொந்தம். கோடரியும் வில்லும் காட்டுக்குச் சொந்தம். சங்கும் கோபுரமும் ஊருக்கு. பல்லக்கு அரண்மனைக்கு. நான்கு உலகங்களும் ஒரே முந்தானையில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெய்பவர்கள் பழங்குடியினர் அல்ல. மிர்கான்கள் நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட சமூகம்; பனிகா என்ற பெயரைச் சேர்த்துக்கொள்பவர்கள். ஆனால் உடுத்தியவர்கள் பழங்குடியினர். பொத்தடா, பரஜா, துருவா, பஸ்தார் பக்கம் முரியா என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு கரை. வயலில் குனிந்து நிமிரும் பெண்ணுக்கு முழங்கால் அளவே வரும் குட்டைச் சேலை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் முந்தானை நிறைந்த சேலை. வேர் தோண்டிக் கொண்டுவந்து தந்ததும் இதே பழங்குடியினர்தான். அதாவது கச்சாப் பொருளைத் தருபவரும் வாங்குபவரும் ஒருவரே. காட்டிலிருந்து வேர் தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து துணி காட்டுக்குப் போனது. இடைத்தரகருக்கும் விளம்பரத்துக்கும் வேலையே இல்லாத வட்டம். எந்த வேரை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று அறிந்தவரும் அந்தத் துணியை உடுத்தியவரே. அடுத்த சேலை வேண்டுமென்றால் மரம் மிச்சமிருக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்குப் புரியும்.

அந்த வட்டம் எங்கே அறுந்தது என்று பார்க்க வாரச்சந்தைக்குப் போனால் போதும். கோராபுட் வட்டாரத்தின் உயிர்நாடி சந்தைகள்தான். வியாழக்கிழமை ஒனகடெல்லியில், மற்ற நாட்களில் மற்ற ஊர்களில். மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் புளி, இஞ்சி, மஞ்சள், மூங்கில் கூடை கொண்டுவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உடுத்தியிருப்பது பூப்போட்ட பாலியஸ்டர் சேலை. வேர்ச்சாயச் சேலை உடுத்திய மூதாட்டி கண்ணில் பட்டால் அது அதிர்ஷ்டம். இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. பாலியஸ்டர் மலிவு, லேசு, துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. வாரக்கணக்கில் உழைத்துச் சாயமேற்றிய சேலையின் இன்றைய விலையில் சந்தையில் பல சேலைகள் வாங்கலாம். வயலில் நிற்கும் ஒருத்தி பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதற்காகக் கனமான சேலையைச் சுமக்க வேண்டும் என்று நகரத்திலிருந்து வருபவர் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆல் வேருக்கு இது முதல் அடியும் அல்ல. ஒரு காலத்தில் மத்திய இந்தியாவில் இது காட்டு மரமாக மட்டுமல்ல, வயலில் பயிராகவே வளர்க்கப்பட்டது. விதைத்து, மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்து, தோண்டி வேரைத் தரம் பிரித்து விற்றார்கள். 1868ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இரு வேதியியலாளர்கள் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது தொழிற்சாலையில் மலிவாகக் கொட்ட ஆரம்பித்தது. ஐரோப்பாவில் மஞ்சிட்டி வகை வேர்களைப் பயிரிட்டவர்களும் இந்தியாவில் ஆல் பயிரிட்டவர்களும் ஒருசேர நொடித்தார்கள். சமவெளியில் பயிர் மறைந்தது. கோராபுட்டிலும் பஸ்தாரிலும் மட்டும் தொழில் தப்பியதற்குக் காரணம், ஜெர்மன் சாயம் எளிதில் ஏற முடியாத மலைகளும், கேட்காமலே வேர் கொடுத்த காடும்.

பிறகு மலைக்கும் வழி பிறந்தது. 1958ல் கிழக்கு வங்க அகதிகளைக் குடியமர்த்த தண்டகாரண்யத் திட்டம் வந்தது. 1960களில் பைலாடிலா இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக இதே கிரண்டூல் ரயில் பாதை வந்தது. சுனாபேடாவில் விமான என்ஜின் தொழிற்சாலை, தாமன்ஜோடியில் அலுமினா ஆலை, கோலாப் ஆற்றின் குறுக்கே அணை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஒவ்வொன்றும் காட்டில் தன் பங்கைக் கேட்டது. 1992ல் பழைய கோராபுட் மாவட்டம் நான்காகப் பிரிந்தபோது, காடும் ஏற்கெனவே துண்டு துண்டாகியிருந்தது. சால் மரம் போனால் கணக்கெடுக்க வனத்துறை இருக்கிறது. குட்டையான, கோணலான ஆல் மரம் போனால் கணக்கெடுக்க யாரும் இல்லை. வேருக்காக நெசவாளர்கள் இப்போது தொலைதூரத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவே புகழ் வந்து சேர்ந்தது. 2005ல் கோட்பாட் கைத்தறித் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒடிசாவிலிருந்து அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பொருள் இதுதான். அந்தப் பதிவேடு இருக்கும் அலுவலகம் சென்னை கிண்டியில் என்பது தமிழ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 2018ல் நெசவாளர் கோவர்தன் பனிகாவுக்குப் பத்மஸ்ரீ விருது. டில்லி, மும்பை, பெங்களூர் கண்காட்சிகளில் கோட்பாட் சேலையும் துப்பட்டாவும் விற்கின்றன. இயற்கைச் சாயம் என்ற சொல்லுக்கே இன்று தனி விலை. முழங்கால் அளவுச் சேலை முழு நீளமாக வளர்ந்தது. பருத்தியோடு டஸ்ஸர் பட்டும் சேர்ந்தது. தொழில் பிழைத்தது என்றால் இந்தச் சந்தையால்தான். அதை மறுப்பது நன்றிகேடு.

ஆனால் வட்டம் மீண்டும் சேரவில்லை. இப்போது உடுத்துபவர் டில்லியில் இருக்கிறார். வேர் தோண்டுபவர் பாலியஸ்டர் உடுத்துகிறார். வாங்குபவருக்கு மரத்தைத் தெரியாது. மரத்தைத் தெரிந்தவருக்குத் துணியில் பங்கில்லை. புவிசார் குறியீட்டுச் சட்டம் பெயரைக் காப்பாற்றும். வேறு ஊர்த் துணியைக் கோட்பாட் என்று விற்பவரை நீதிமன்றத்துக்கு இழுக்கும். மரத்தைக் காப்பாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. வேர் கிடைக்காமல் போனால் கோட்பாட் என்ற பெயர் மட்டும் சட்டப்படி பத்திரமாக இருக்கும்.

துணியும் காடும் ஒன்றுதான் என்பதை இந்த வட்டாரத்தில் வேறு சிலரும் சொல்கிறார்கள். கடபா பெண்கள் காட்டுச் செடியின் நாரை உரித்து கெரங் என்ற கோடுபோட்ட துணியைத் தாங்களே நெய்துகொண்டவர்கள். பக்கத்து ராயகடா மாவட்டத்தின் நியமகிரி மலையில் வாழும் டோங்ரியா கோந்துப் பெண்கள் கப்டாகண்டா என்ற சால்வையில் ஊசியால் வேலைப்பாடு செய்கிறார்கள். அதில் வரும் முக்கோணங்கள் அவர்களுடைய மலைகள். அந்த மலையில் பாக்சைட் தோண்டும் திட்டம் வந்தபோது, கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. 2024ல் அதே கப்டாகண்டாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலை முதலில் தப்பியது, சால்வை பிறகு. இந்த வரிசை முக்கியம்.

கோட்பாடுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. இதே கோராபுட்டில் நெல்லுக்கு நடந்ததைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பாரம்பரிய நெல் வகைகள் இங்கே அழிவின் விளிம்பில் இருந்தன. ஜெய்ப்பூரில் மையம் அமைத்த சென்னையின் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர் விவசாயிகளும் சேர்ந்து விதைகளைத் திரட்டிப் பாதுகாத்தார்கள். 2012ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கோராபுட்டின் வேளாண் முறையை உலக மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. விதை காத்த பழங்குடிப் பெண் கமலா பூஜாரிக்கு 2019ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் 2024ல் காலமானார். விதையைக் காக்க முடிந்த மண்ணில் வேரை ஏன் காக்க முடியாது?

அதுவும் ஆல் அபூர்வ மரமல்ல. தரிசில் வளரும், வறட்சி தாங்கும், ஆடு மாடு அதிகம் சீண்டாது. நட்டால் மூன்று நான்கு ஆண்டில் வேர் தயார். தேக்கு நட்டவர் பேரனுக்காகக் காத்திருக்கிறார். ஆல் நட்டவர் தன் பிள்ளை ஐந்தாம் வகுப்பு போவதற்குள் அறுவடை செய்யலாம். முன்பு மத்திய இந்திய விவசாயிகள் செய்த அதே காரியம். தடை மண்ணில் இல்லை. வனத்துறைக்கு இது மரவணிகத்துக்கு உதவாத மரம். கைத்தறித் துறைக்கு மரம் நடுவது வேலையில்லை. வேளாண் துறைக்கு இது பயிரே இல்லை. மூன்று மேசைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு சிவப்பு விழுந்துகிடக்கிறது.

போகிறவர்கள் குளிர்காலத்தில் போகலாம். வானம் தெளிவாக இருக்கும், சிட்டங்கள் வெளியே காயும். தங்க ஜெய்ப்பூரிலோ ஜகதல்பூரிலோ விடுதிகள் உண்டு. நெசவாளர் வீட்டில் வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வேர் எங்கிருந்து வந்தது? நிறம் இயற்கையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. வேர் எங்கிருந்து என்று கேட்பவர்கள் கூடினால், அதற்கும் யாராவது பதில் தேட வேண்டிவரும். ஊர் திரும்பியதும் உங்கள் தெருக்கோடியில் யாரும் கவனிக்காமல் நிற்கும் நுணாவை ஒருமுறை நின்று பாருங்கள். பழத்தின் சாற்றை நோனி என்ற பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். வேருக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்த கைகள் கோட்பாட்டில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.